திருச்சி – சிங்கப்பூர்: டிக்கெட்டில் உள்ள நேரம் சரிதானா?

உப்பிலியபுரத்தில் வசிக்கும் நண்பர் ஒருவரின் மகள், கைக்குழந்தையுடன் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வருவதாக இருந்தது. இமெயிலில் வந்த டிக்கெட்டை நண்பர் பிரிண்ட் எடுத்துப் பார்த்தார். புறப்படுவது இரவு 11.00, வந்து சேர்வது 12.30. “நாலு மணி நேரப் பயணமாச்சே! அச்சுப் பிழையாக இருக்கும்” என்று நினைத்தவர், 11 உடன் 4 கூட்டி, விடியற்காலை 3 மணிக்குக் கார் அனுப்பினார். மகள் குழந்தையுடன் இரண்டரை மணி நேரம் காத்திருந்தார்.

டிக்கெட்டில் பிழை இல்லை. புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். கிரீன்விச் நேரத்தைவிட இந்தியா 5.30 மணி முன்னால் உள்ளது. சிங்கப்பூர் 1982 முதல் 8 மணி முன்னால் உள்ளது. வித்தியாசம் இரண்டரை மணி. எனவே, அதே பயணம் போகும்போது ஆறரை மணி நேரமாகவும், வரும்போது ஒன்றரை மணி நேரமாகவும் தெரிகிறது.

தூரத்தை அளக்க: கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸ் திறந்து, திருச்சி விமான நிலையத்தின் மீது ரைட் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் ‘மெஷர் டிஸ்டன்ஸ்’ தேர்ந்தெடுக்கவும். பின் மேப்பை நகர்த்தி, சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் கிளிக் செய்திடவும். சுமார் 2,980 கி.மீ. எனக் காட்டும்.

நேரத்தைக் கணக்கிட: தூரத்தை 850 ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி சேர்க்கவும். 2,980 கி.மீ.க்கு மூன்றரையுடன் அரை, ஆக 4 மணி. காற்றையும் விமானப் பாதையையும் பொறுத்து இது சற்றுக் கூடலாம், குறையலாம்.

மேப்பை நம்பி ஸ்கேல் வைக்க வேண்டாம்: பூமி உருண்டை என்பதால், தட்டையான மேப்பில் தெரியும் நேர்கோடு குறுக்கு வழி அல்ல. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்கு வட துருவப் பகுதி வழியாக நேரடி விமானம் இயக்கியது. இரு நகரங்களுக்கும் நேரடித் தூரம் சுமார் 14,000 கி.மீ. மேலே சொன்ன கணக்கின்படி 17 மணி நேரம். ஏறக்குறைய அவ்வளவுதான் ஆனது. கூகுள் எர்த்தில் உருண்டையைச் சுழற்றிப் பார்த்தால் காரணம் உடனே புரியும்.

கம்ப்யூட்டரில் சிங்கப்பூர் நேரம்: விண்டோஸ் டாஸ்க்பாரில் உள்ள கடிகாரத்தில் ரைட் கிளிக் செய்து, தேதி, நேரம் மாற்றும் பக்கத்திற்குச் செல்லவும். அங்கு ‘அடிஷனல் கிளாக்ஸ்’ பிரிவில் ‘ஷோ திஸ் கிளாக்’ டிக் செய்து, சிங்கப்பூர் உள்ள டைம் ஸோனைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும். இனி கடிகாரத்தின் மேல் மவுஸைக் கொண்டு சென்றால் இரு ஊர் நேரமும் கிடைக்கும்.

தேதியிலும் கவனம் தேவை. சேரும் நேரத்தின் அருகே ‘+1’ என்றிருந்தால் மறுநாள் என்று பொருள். 15ஆம் தேதி 12.30 என்றால், அது 14ஆம் தேதி நள்ளிரவு தாண்டி அரை மணி. உப்பிலியபுரத்திலிருந்து துறையூர் வழியாக விமான நிலையம் செல்லக் காரில் சுமார் இரண்டு மணி நேரம் ஆகலாம். எனவே, 14ஆம் தேதி இரவு 10 மணிக்கே கிளம்பிவிடுங்கள்.