பழைய வானுக்கு எந்த ஒயில் பில்டர்?

கதிரவெளியில் வான் ஓர் ஆடம்பரப் பொருளல்ல. வாழைச்சேனை வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுசெல்வதற்கும், வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்குச் சனங்களை ஏற்றுவதற்கும், பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்புவதற்கும் அதுவே துணை. யுத்தத்தில் கணவரை இழந்த எனக்கும் என் பிள்ளைகளுக்கும் ஒரு பழைய டொல்பின் வான்தான் சோறு போடுகிறது. ஓட்டுவதற்கு உறவுக்காரத் தம்பி இருக்கிறார். கணக்குப் பார்ப்பதும் சாமான் வாங்குவதும் என் பொறுப்பு.

இலங்கையில் 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. எம்மைப் போன்ற குடும்பங்கள் இன்னொரு வான் வாங்குவதென்பது நடக்கிற காரியமல்ல. இருக்கின்ற எஞ்சினைத்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு உதவும் மலிவான சாமான்களில் ஒன்று ஒயில் பில்டர்.

பில்டரின் வேலை

எஞ்சின் ஓடும்போது தேய்கின்ற உலோகத் துகள்களும், டீசல் எரிவதால் உண்டாகும் கரியும் ஒயிலில் கலக்கின்றன. பில்டருக்குள் மடிப்பு மடிப்பாக இருக்கும் தாள் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. நாம் அரிதட்டில் மா அரிப்பதைப் போன்றதுதான் இது. கண் பெரிதென்றால் கப்பி விழும். கண் மிகச் சிறிதென்றால் கெதியில் அடைத்துவிடும்.

தாள் அடைத்துக்கொண்டால் ஒயில் ஓட்டம் நின்றுவிடக் கூடாது. அதற்காக ஒரு சிறிய வால்வு உண்டு. சில எஞ்சின்களில் அது பில்டருக்குள்ளும், சிலவற்றில் எஞ்சினிலும் இருக்கும். அடைப்பு ஏற்பட்டதும் அது திறந்து, ஒயிலை அரிக்காமலே விடும். ஒயிலே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு ஒயிலில் ஓடுவது மேல் அல்லவா? ஆனால் அந்த வால்வு திறந்தே இருந்தால், பில்டர் இருந்தும் இல்லாதது போலத்தான்.

வாங்கும்போது

வானின் மொடல், எஞ்சின் இலக்கம், பழைய பில்டரில் உள்ள இலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய பில்டரையும் கடைக்குக் கொண்டுபோவேன்.

"அக்கா, இது எல்லா வானுக்கும் போடும்" என்று கடைத் தம்பி ஒருவர் சொன்னார்.

"பழசையும் கொண்டு வந்திருக்கிறன் தம்பி. பக்கத்தில வச்சுப் பாருங்க" என்றேன்.

புரி ஏறுகிறது என்பதற்காக அது பொருத்தமான பில்டர் ஆகிவிடாது. றப்பர் வளையத்தின் அகலம் ஒன்றாக இருக்க வேண்டும். வால்வு திறக்கும் அமுக்கமும் எஞ்சினுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. அதனால்தான் இலக்கம் முக்கியம். பெரிய பில்டராகப் போட விரும்பினால், அது அந்த எஞ்சினுக்கு உரியதா, வேறு பாகங்களில் முட்டாதா என்று கராஜில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அநேக பில்டர்களின் வாயைச் சுற்றியுள்ள சிறு துளைகளுக்குள் மெல்லிய றப்பர் தகடு தெரியும். எஞ்சின் நின்ற பின் பில்டரிலுள்ள ஒயில் வடிந்துபோகாமல் அது தடுக்கிறது. பில்டர் படுக்கையாகப் பூட்டப்படும் எஞ்சின்களுக்கு இது மிகவும் அவசியம். றப்பர் இறுகிப்போயிருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சற்று நேரம் கடகடவென்று சத்தமிடலாம். பெட்டியின் அழகை மட்டும் நம்பக் கூடாது. போலிகளும் அழகான பெட்டியில்தான் வருகின்றன. புரி சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

மாற்றும்போது

எமது பழைய டீசல் வானுக்கு 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலையும் பில்டரையும் சேர்த்தே மாற்றுகிறோம். உங்கள் வானுக்குரிய கையேட்டைப் பாருங்கள். பழைய றப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருந்தால் அகற்ற வேண்டும். இரண்டு வளையங்கள் சேர்ந்தால் ஒயில் பீறிட்டு வெளியேறும். புதிய வளையத்தில் சிறிது ஒயில் பூசி, அது தொட்ட பின் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் பொதுவாகப் போதும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒயில் விளக்கு அணைகிறதா, கசிவு உண்டா என்று பார்த்து, பின்னர் ஒயில் மட்டத்தையும் அளக்க வேண்டும்.

கழற்றிய பில்டரை வெட்டித் தாளை விரித்துப் பார்ப்பதும் நல்லது. மினுங்கும் உலோகத் துகள்கள் அதிகமாக இருந்தால் எஞ்சினுக்குள் ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். பெரிய செலவு வருமுன் பாஸிடம் காட்டலாம்.

கழிவு ஒயிலை மண்ணில் ஊற்றாதீர்கள். எமது மணல் நிலத்தில் அது இலகுவாகக் கீழிறங்கும். அதே நிலத்துக் கிணற்றுத் தண்ணீரைத்தான் எமது பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

சகோதரிகளே, வாகன விடயம் ஆண்களுக்குரியது என்று ஒதுங்கி நின்றால் மற்றவர் சொல்லும் விலையைத்தான் கொடுக்க வேண்டி வரும். எமது உழைப்பில் ஓடும் வானுக்கு என்ன சாமான் போடுவது என்பதை நாமே அறிந்து, நாமே தீர்மானிப்போம்.