லாரியின் பின்னச்சும் அதன் பூட்டும்

சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் லாரி ஓட்டும் தமிழன்பர்கள் பலர். வண்டியின் பின்னச்சு நடுவே பானைபோல் உப்பியிருக்கும் டிபரென்ஷியலை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

வளைவில் வெளிப்புறச் சக்கரம் கூடுதல் தூரம் உருள இடமளிப்பது அதுவே. ஆயின், ஒரு சக்கரம் மணலில் புதைந்தால் அது மட்டும் வீணே சுழலும், மற்றது அசையாது. அதற்காகவே டிப்பர் முதலிய வண்டிகளில் பூட்டு வைத்துள்ளனர். அதனை இட்டால் இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கையில் பூட்டை இடலாகாது, பற்கள் உடையும். மணலைக் கடந்ததும் எடுத்துவிட வேண்டும். பூட்டியபடியே தார்ச்சாலையில் திரும்பினால் அச்சுத்தண்டு முறியவும் கூடும்.

இனி எண்ணெய். வண்டி ஓடி வந்த சூட்டிலேயே பழைய எண்ணெயை வடித்தால் கசடும் உடன் இறங்கும். வடிதுளை மூடியின் காந்தத்தில் மாவுபோன்ற இரும்புத்தூள் இருப்பது இயல்பே. பல்லின் துண்டு கிடைத்தால் அச்சைப் பிரித்தே பார்க்க வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது எனலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தயாரிப்பாளர் குறித்த கியர் ஆயிலையே நிரப்புதுளையின் விளிம்புவரை ஊற்றுக. மலிவு கருதி எஞ்சின் ஆயிலை ஊற்றுவோரும் உளர். கிரௌன் சக்கரத்தின் பற்கள் அதற்கு விலை தரும்.

அச்சின் மேலுள்ள சிறு காற்றுத்துளையை எவரும் கவனிப்பதில்லை. அது சேற்றால் அடைபட்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் ஆயில் சீலைத் தாண்டிப் பிரேக் டிரம்முக்குள் கசியும். மலையிறக்கத்தில் பாரவண்டிக்கு இதனினும் பெரிய ஆபத்து வேறில்லை. சக்கரத்தின் உட்புறம் ஈரம் படிந்திருக்கிறதா என்று புறப்படுமுன் குனிந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.