ஆடியில் அடைமழை, மார்கழியில் இளவெயில்: பிம்ப்ரியிலிருந்து மும்பைக்கு

பிம்ப்ரியிலும் சிஞ்ச்வட்டிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால், இரண்டு நாள் மும்பைக்குப் போய்வருவது வழக்கம். சிஞ்ச்வட் நிலையத்தில் விரைவு வண்டி ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அரபிக் கடலோரம் சென்றடையலாம். என்னென்ன பார்ப்பது என்று திட்டமிடும் நாம், எந்த மாதத்தில் போவது என்பதைப் பெரும்பாலும் பள்ளி விடுமுறையிடமே விட்டுவிடுகிறோம். மும்பையைப் பொறுத்தவரை இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. அந்நகரில் எதைக் காண முடியும் என்பதை முடிவு செய்வது பருவமே.

ஒரே காற்று, இரு வேறு மழை

கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று சகியாத்திரி மலைத்தொடரில் மோதி மேலெழுகிறது. மேலெழும் காற்று குளிர்ந்து, கடற்கரையிலும் மலைச்சரிவிலும் மழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதில் எஞ்சியிருக்கும் ஈரம் குறைவு. எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் சாந்தாகுரூஸ் நிலையத்தில் சராசரியாக 2,300 மில்லிமீட்டரை ஒட்டி மழை பதிவாக, புணே ஆண்டு முழுவதும் பெறுவது 700 மில்லிமீட்டரை ஒட்டியே. மலையில் பெய்யும் மழையின் ஒரு பகுதி பவனா ஆறாக நம் பிம்ப்ரியைக் கடந்து செல்கிறது.

நம் வாசலில் தூறல் என்பதால் மும்பையிலும் தூறலாகவே இருக்கும் என்று எண்ணுவது பிழை. வானிலை ஆய்வில் நம் வட்டாரத்துக்கும் ஒரு பங்குண்டு. 1928இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து புணேக்கு மாற்றப்பட்டது. 1944இல் அது தில்லிக்குச் சென்றுவிட்ட பின்னரும், சிவாஜிநகரில் உள்ள அக்கட்டடத்தை மக்கள் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே அழைக்கின்றனர்.

ஐப்பசிக் கணக்கு இங்கே செல்லாது

ஊரிலிருந்து வருவோர் தம்முடன் ஒரு மழைக் கணக்கையும் கொண்டுவருகின்றனர். ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை; ஆடியில் காற்று. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. மும்பையில் இக்கணக்கு தலைகீழ். பருவமழை ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி, அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி விலகுகிறது. ஆனியும் ஆடியுமே அங்கு அடைமழைக் காலம். ஜூலை மாதத்தில் மட்டும் சாந்தாகுரூஸில் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நம்மூரில் குடையின்றி வெளியே போகத் தயங்கும் கார்த்திகையில் மும்பை வானம் தெளிந்திருக்கும்.

குளிர்காலம்: கடலும் குகையும்

நவம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை மும்பையைக் காண மிகச் சிறந்த காலம். பகலில் வெயில் 30 பாகையை ஒட்டியிருந்தாலும் புழுக்கம் குறைவு. காலையும் மாலையும் இதமானவை.

கடற்பயணத்தை இக்காலத்துக்கே ஒதுக்கிவைப்போம். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பப்பட்டு, 1924இல் திறக்கப்பட்ட இந்தியாவின் நுழைவாயில் அருகே படகேறினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எலிபெண்டா தீவை அடையலாம். பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயிலில், மூன்று முகங்களுடன் ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரத்தில் நிற்கும் சதாசிவ வடிவம் காணத்தக்கது. 1987 முதல் இக்குகைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ளன.

போரிவலியை ஒட்டிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் கன்னேரி குகைகள் உள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட இக்குகைகளில் பௌத்தத் துறவியர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். குகை வாயில்களில் பாறையில் வெட்டப்பட்ட நீர்த்தொட்டிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நான்கு மாத மழையைச் சேமித்து எட்டு மாதம் வாழ்ந்தவர்களின் ஏற்பாடு அது. தாணே கழிமுகத்திலோ, நவம்பர் முதல் மே வரை பூநாரைகள் பெருங்கூட்டமாகத் தங்குகின்றன. 2015இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

கோடை: காலையும் மாலையும் மட்டும்

ஏப்ரல், மே மாதங்களில் வெப்பமானி காட்டும் அளவு புணேயைவிட மும்பையில் குறைவாகவே இருக்கும். ஆயினும் ஈரக்காற்றில் வியர்வை உலராததால் உடல் அதிகம் வாடும். மழை விலகியதும் வரும் ‘அக்டோபர் ஹீட்’டும் அத்தகையதே. விடுமுறை காரணமாக இம்மாதங்களில்தான் செல்ல முடியும் என்றால், காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் திறந்தவெளியில் உலவுவோம். மெரினாவில் கதிரவன் எழுவதைக் கண்டு பழகியவர்களுக்கு, மரைன் டிரைவில் அது கடலுக்குள் இறங்குவது புதுக்காட்சி.

நடுப்பகலைக் கட்டடங்களுக்குள் கழிக்கலாம். 1922இல் திறக்கப்பட்ட சத்திரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் ஒரு முழுப் பகலுக்குப் போதுமானது. கோட்டைப் பகுதியில் இந்திய ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் உள்ளது. 2004இல் அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அதைத் திறந்துவைத்தார். பழங்கால முத்திரைக் காசுகள் முதல் இன்றைய பணத்தாள்கள் வரை அங்கு காணலாம். மதிய உணவுக்கு மாட்டுங்கா சென்றால், தமிழ்ப் பேச்சும் வடிகட்டிய காபியும் ஊரை நினைவூட்டும்.

மழைக்காலம்: ஓதத்தை அறிந்து செல்க

மழையில் மும்பை அழகுதான். ஆனால் அதன் கடல் நாம் அறிந்த கடல் அன்று. சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டர். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் உயர் ஓதம் 4.5 மீட்டரையும் தாண்டுவதுண்டு. நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும் இந்நீர், ஹாஜி அலி தர்காவுக்குச் செல்லும் நடைபாதையையே மூழ்கடித்துவிடும். வற்றிய நேரத்தில் பாறைமேல் நின்று படம் எடுப்போர் நீர் சூழ்வதை உணர்வதற்குள் வழி மறைந்துவிடும். கடற்கரைப் பாறைகளில் இறங்காதிருப்பதே அறிவுடைமை.

பெருமழையும் உயர் ஓதமும் ஒரே வேளையில் நேர்ந்தால், வடிகால் நீர் கடலுக்குள் இறங்க இயலாமல் தாழ்வான சாலைகளில் தேங்கும். 2005 ஜூலை 26 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதே நேரத்தில் நகரின் தென்முனையான கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டரே. ஒரே நகரின் ஒரு முனையில் நிற்பவர் மறுமுனையின் நிலையை வானத்தைப் பார்த்து அறிய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. எனவே ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நாள்களில் பயணத்தைத் தள்ளிவைப்போம். படகுகளும் அக்காலத்தில் கடலின் சீற்றத்தைப் பொறுத்தே இயங்கும்.

புறப்படும் முன்

எலிபெண்டா, சஞ்சய் காந்தி பூங்கா, நாணய அருங்காட்சியகம் ஆகிய மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. மழைக்காலத்தில் மும்பை மாநகராட்சி வெளியிடும் உயர் ஓத அட்டவணையையும் அன்றைய வானிலை எச்சரிக்கையையும் காலையிலேயே பாருங்கள். கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் இடையிலான மலைப்பாதையில் மண் சரிந்தால் ரயில்கள் ரத்தாகக்கூடும். திரும்பும் பயணத்துக்கு மறுநாளையும் கையிருப்பாக வைத்திருப்பது நன்று. விடுதிக்கு முன்பணம் செலுத்தும் முன் ரத்து விதிகளைப் படியுங்கள். ரயில் முழுமையாக ரத்தானால் மின்சீட்டுக் கட்டணம் தானாகவே உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும். அதைப் பெற்றுத்தருவதாக அழைப்போரிடம் ஓ.டி.பி. எண்ணையோ கடவுச்சொல்லையோ தெரிவிக்க வேண்டா.

ஊரிலுள்ள உறவினர் அடுத்த முறை வருகையைப் பற்றிப் பேசும்போது, கோடை விடுமுறையைவிட அரையாண்டு விடுமுறைக்கே அழைப்போம். அங்கே மழை ஓய்ந்திராத மார்கழித் தொடக்கத்தில், இங்கே எலிபெண்டாவின் படகு இளவெயிலில் புறப்பட்டுக்கொண்டிருக்கும்.