மெக்கானிக்கல் படிக்கிறீங்களா? மியூசிக்கும் படிக்கலாம்!

ஒரகடம் கூட்டுரோட்டில் காலேஜ் பஸ்ஸுக்காக நிக்கிறீங்க. காதில் இயர்போன், விரல் தானாகத் தாளம் போடுது. "முறையா இசை கத்துக்க ஆசைதான். ஆனா நான் படிக்கிறது இன்ஜினியரிங் ஆச்சே!" என்று நினைக்கிறீர்களா? மேஜரை மாற்றாமலேயே இசையை ஒரு பாடமாகப் படிக்க வழி இருக்கிறது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றிரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே கொஞ்சம் படிச்சிருக்கீங்க!

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் வரும் 'தமிழர் மரபு' பாடம் ஞாபகம் இருக்கிறதா? மிருதங்கம், பறை, வீணை, யாழ், நாதஸ்வரம் ஆகிய இசைக்கருவிகளின் உருவாக்கம் அதில் ஒரு பகுதி.

எங்கே படிக்கலாம்?

ஸ்வயம் தளம்: மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளம். போனிலேயே பார்க்கலாம், படிக்கக் கட்டணம் இல்லை. சென்னை ஐஐடி பங்குபெறும் என்பிடெல் பாடங்களும் இதில் வருகின்றன. கர்நாடக இசையை ரசிக்கக் கற்றுத்தரும் பாடமும் அதில் வந்திருக்கிறது. எல்லாப் பாடமும் எல்லாப் பருவத்திலும் நடக்காது. அதனால் ஜனவரி, ஜூலை பருவங்களின் பட்டியலைப் பாருங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம்: இங்கே இசைக் கல்வி 1932-இல் தொடங்கியது. முதுநிலை மாணவர்கள் தங்கள் துறைக்கு வெளியே விருப்பப் பாடம் எடுக்கும் முறை இங்கு உண்டு. அந்தப் பருவத்தில் இசைத் துறை என்ன பாடம் தருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கதான் பலர் ஏமாந்து போறாங்க

சான்றிதழ் வேறு, கிரெடிட் வேறு. பட்டத்துக்குத் தேவையான படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகுதான் கிரெடிட். ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க யுஜிசியின் 2021 விதிகள் இடம் தருகின்றன. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பதை உங்கள் கல்வி நிறுவனம்தான் முடிவு செய்யும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதிகள் மாறலாம். முன்அனுமதி வாங்காமல் படித்தால், கையில் சான்றிதழ் இருக்கும், மார்க் ஷீட்டில் பாடம் இருக்காது.

செய்ய வேண்டியவை

1. பருவம் தொடங்கும் முன்பே துறைத் தலைவரையோ, என்பிடெல் ஒருங்கிணைப்பாளரையோ பாருங்கள். "இந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட்? எந்த விருப்பப் பாடத்துக்குப் பதிலாகும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.
2. பாடத்தில் சேர்ந்தால் மட்டும் போதாது. தேர்வுக்குத் தனியாகப் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். கடைசித் தேதியை போனில் அலாரமாக வைத்துவிடுங்கள்.
3. வாராந்திர அசைன்மென்ட்டை விடாதீர்கள். என்பிடெல் பாடங்களில் அதற்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். தேர்ச்சிக்கு அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 வேண்டும்.

வேலைக்குப் போறவரா நீங்க?

ஷிஃப்ட் முடிந்து வந்தும் ஸ்வயத்தில் படிக்கலாம். கல்லூரியில் பதிவு இல்லாததால் கிரெடிட் கிடைக்காது, தேர்வில் தேறினால் சான்றிதழ் உங்களுக்கே. வீடியோ பார்த்து ராகத்தை அடையாளம் காணப் பழகலாம். தவிலோ வயலினோ கைக்கு வர, குரு பக்கத்தில் இருக்க வேண்டும். 12 முதல் 25 வயதுக்குள் பகல் நேரம் ஒதுக்க முடிந்த தம்பி, தங்கை வீட்டில் இருந்தால், காஞ்சிபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் விசாரியுங்கள். அங்கே மூன்றாண்டுப் பயிற்சி உண்டு.

அடுத்த முறை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, பாட்டை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு ஸ்வயம் பட்டியலைத் திறந்து பாருங்களேன்!