வண்டிப் பெட்டியும் வீட்டுப் பண்டமும்

யாழ்ப்பாணத்து வழக்கிலே ‘பெட்டி’ என்னும் சொல்லுக்குள்ள பரப்பு வேறெந்தக் கொள்கலத்தின் பெயருக்கும் இல்லை எனலாம். பனையோலையால் இழைத்தது பெட்டி. பிட்டு அவிப்பது நீத்துப்பெட்டி. முதியோர் மடியிலே செருகிக் காசு வைப்பது கொட்டப்பெட்டி. நாலு பேர் சேர்ந்து தள்ளினும் அசையாது அறையின் மூலையிலே வீற்றிருக்கும் மரப்பெட்டி பெட்டகம். இப்பெட்டகத்தைச் சிங்களத்தாரும் ‘பெட்டகம’ என்றே வழங்குவர். இவ்வரிசையிற் கடைக்குட்டியாக வந்து சேர்ந்தது உழவு இயந்திரத்தின் பின்னே இழுபடும் இரும்புப் பெட்டி. நெல்லும் எருவும் மணலும் ஏற்றுவதற்கென வந்த அந்தப் பெட்டி, வடபுலத்தார் வாழ்விலே வீட்டுப் பண்டங்களின் காப்பறையாக மாறிய கதை பெரிது. அக்கதைக்குரிய ஊர்களுள் காங்கேசன்துறை முன்னிற்பது.

மாவிட்டபுரத்துக் கோயிலுக்குரிய காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறையாதலால் இப்பெயர் பெற்றது என்பது ஐதிகம். தெய்வம் வந்திறங்கிய அத்துறையிலேயே பிற்காலத்தில் அகதிகளும் வந்திறங்கினர். 1983 ஜூலை வன்செயலின்பின் கொழும்பு முகாம்களில் இருந்தோரை ஏற்றிக்கொண்டு இந்தியக் கப்பலாகிய ‘சிதம்பரம்’ வந்தடைந்தது காங்கேசன்துறையையே. வந்தவர் கையிலே ஒரு பையும் உடுத்த உடையுமே மிஞ்சின. வீட்டுப் பண்டம் என்பதைப் பற்றிய பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை.

ஏழாண்டுகள் கழிந்தன. அகதிகளை வரவேற்ற ஊரே அகதியாயிற்று. 1990 ஜூனிலே மீண்டும் போர் மூண்டது. 1905 முதல் கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்து நின்ற புகைவண்டிச் சேவை அம்மாதத்தோடு ஓய்ந்தது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டோடு அணைந்தது. பலாலித் தளத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள், ‘நாலு நாளில் திரும்பிவிடலாம்’ என்ற நம்பிக்கையோடு தெற்கு நோக்கி நடந்தனர். அந்த நாலு நாள் சிலருக்கு இருபது ஆண்டு. பலருக்கு இருபத்தைந்துக்கும் மேல். இன்னும் முடியாதவரும் உளர்.

நாலு நாளுக்கெனப் புறப்படுபவர் எவற்றை எடுப்பர்? அரிசி, சட்டி, பாய், மாற்றுடை, காணி உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ். பெட்டகத்தை எடுப்பாரில்லை. மாட்டுவண்டி வைத்திருந்தோர் தையற் பொறியையும் நெல் மூட்டைகளையும் ஏற்றினர். ‘லான்ட்மாஸ்டர்’ வைத்திருந்தோர் சற்றுக் கூடுதலாக ஏற்றினர். இருசில்லு உழவு இயந்திரத்தை யார் செய்து விற்பினும் நம்மவர்க்கு அது லான்ட்மாஸ்டரே. பிறகு 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்து, மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நெருக்குண்டு நகர்ந்தபோது, ஏலவே இடம்பெயர்ந்திருந்த காங்கேசன்துறையார் இரண்டாம் முறை பெயர்ந்தனர். எரிபொருள் தடையால் எந்த இயந்திரத்துக்கும் எண்ணெய் அரிது. மனிதர் அடி அடியாக நகர்ந்த அத்தெருவிலே, சில்லுள்ள எதுவும் பொன்னாகியது. துவிச்சக்கர வண்டியின் சட்டத்திற் கட்டிய மூட்டையே பலருக்கு முழு வீடு.

வன்னியிலே 2008இலும் 2009இலும் நிகழ்ந்தது வேறு. அங்கே பெயர்ந்தவர் முன்னனுபவத்தாற் கற்றிருந்தனர். கூரைத் தகரம், கதவு நிலை, யன்னல், கிணற்று வாளி என வீட்டையே கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினர். ஓரிடத்தில் இறக்கி, தறப்பாள் கட்டி, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினர். மேலே பண்டம், கீழே மனிதர் என, நின்ற பெட்டியின் அடியிலே குடும்பங்கள் படுத்துறங்கின. கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலிலே மனிதரும் பெட்டிகளும் பிரிந்தனர். இதற்கு மேல் ஈண்டு விரிப்பது என் நோக்கமன்று.

நிற்க. இன்றைய நிலைக்கு வருவோம். போர் முடிந்தபின் வலிகாமம் வடக்கிலே காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன, 2017 ஜூலையிலே மயிலிட்டித் துறையும் அதனைச் சூழ்ந்த நிலமும் மீண்டன, முழுதும் மீளவில்லை. திரும்பியவர் கண்டது வீட்டையன்று. கூரையும் நிலையும் யன்னலும் இல்லாத சுவர்களையும், அறைக்குள் வளர்ந்த மரங்களையுமே. அத்திவாரமே தெரியாத வளவுகளும் உள. வீடு கட்டி முடிய ஓராண்டோ ஈராண்டோ செல்லும். அதுவரை, முப்பதாண்டுக் காலம் வாடகை வீடுகளிலும் உறவினர் வீடுகளிலும் சிதறிச் சேர்ந்த அலுமாரி, கட்டில், புத்தகம், பாத்திரம் ஆகியவற்றை எங்கே வைப்பது? வாடகை வீட்டையும் வைத்துக்கொண்டு வீடு கட்டுதல் எல்லோர்க்கும் இயலாது. தகரக் கொட்டிலோ, உறங்கவும் சமைக்கவுமே போதாது. ஆதலின், பண்டம் வைக்க ஒரு வண்டிப் பெட்டி வாங்கலாமா, வாங்கினால் எத்தகையது என்ற கேள்வி எழுகிறது. இதனை அற்பக் கேள்வி என்று தள்ளுவோர் ஒருபோதும் வீடு மாறாதவராய் இருத்தல் வேண்டும்.

சிலர் கப்பற் கொள்கலனை நாடுவர். இருபதடிக் கொள்கலன் எட்டடி அகலமும் எட்டரையடி உயரமும் உடையது, ஒரு வீட்டுச் சாமான் முழுவதும் அடங்கும், பூட்டும் உறுதியானது. ஆனால் வெறுமையாகவே இரண்டு தொன்னுக்கு மேல் நிறைகொண்ட அதனைப் பாரந்தூக்கி பூட்டிய கனரக வண்டியே கொணர வேண்டும். நம் ஒழுங்கைகளோ வேலிக்கு வேலி ஒரு மாட்டுவண்டி போகும் அளவின. படலையைப் பிடுங்கி, அயலவர் கதியாலை வெட்டி உள்ளே கொண்டுவந்தாலும், வீடு முடிந்தபின் வெளியேற்ற மீண்டும் அதே பாடு. என் கருத்தில், பெருந்தெரு ஓரத்து வளவுக்காரர் தவிர மற்றையோர்க்கு அஃது ஒவ்வாது.

எஞ்சுவன இரண்டு. லான்ட்மாஸ்டர் பெட்டி சிறிது. ஏறக்குறைய ஒரு தொன் தாங்கும். எந்த ஒழுங்கையிலும் நுழையும். ஆனால் ஒரு குடும்பத்துப் பண்டத்துக்குப் போதாது. நாற்சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியே தக்கது. பத்தடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட பெட்டிக்கு, பக்கத் தட்டி இரண்டடி உயரமானால் நூற்றிருபது கன அடி கிடைக்கும்; தட்டியை உயர்த்தி நாலரையடிக்குக் கூரை அமைப்பின் இருநூற்றெழுபது. அத்தனையும் நிரப்பலாம் என்று எண்ணற்க. பஞ்சு மெத்தை இடத்தை அடைக்கும், பாரம் தராது. புத்தகமும் ஆட்டுக்கல்லும் இடம் கொள்ளாது, அச்சை முறிக்கும். மயிற்பீலியேயாயினும் மிகுத்து ஏற்றின் அச்சு இறும் என்று வள்ளுவர் சொன்னது அரசியலுக்கு. வண்டிக்காரர் அதனை நேரே எடுத்துக்கொள்ளினும் நட்டமில்லை.

பழைய பெட்டி வாங்குவோர் வண்ணப்பூச்சைப் பார்த்து மயங்குதல் கூடாது. கடற்காற்று வீசும் இவ்வூரிலே துரு பூச்சின் கீழிருந்து கிளம்பும். சட்டத்தின் அடியிலே சுத்தியலாற் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் இரும்பு, பொத்தென்றால் துரு. இழுவைத் தண்டு சட்டத்தோடு ஒட்டுமிடத்தை உன்னிப்பாக நோக்குக. முறிவன பெரும்பாலும் அங்கேதான். சில்லை நிலத்தினின்று உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியுமாயின், உட்குண்டுகள் தேய்ந்தன என்க. கொட்டும் பெட்டியாயின் பின்கதவின் இடுக்கு வழியே மழை புகும். பண்டம் வைக்க அஃது ஏற்றதன்று. பெட்டிக்கும் தனிப் பதிவிலக்கம் உண்டாதலால், பத்திரமும் தகடும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

தளம் மரமாயின் ஈரம் கோவாது. இரும்பாயின் மூலைகளிலே நீர் வடியத் துளை வேண்டும். எதுவாயினும் பண்டத்தை நேரே தளத்தில் வையாது, சட்டப் பலகைமேல் உயர்த்துக. நெல் மூட்டையைத் தரையிற் போடாது கோர்க்காலிமேல் ஏற்றிய நம் பாட்டிமாருக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியைச் சுற்றும் அடைத்துப் பூட்டிவிட்டால் காவல் முடிந்தது என்று கருதுவோர் பலர். அதுவே பெரும் பிழை. பகல் வெயிலிலே அடைத்த இரும்பறை அடுப்பாகும். இரவு குளிர்ந்ததும் உட்காற்றின் ஈரம் தகரத்தின் உட்புறத்தே வியர்த்துச் சொட்டும். ஐப்பசி, கார்த்திகை மாரியிலே ஒரு மாதம் போதும். சேலையிற் பூஞ்சணம் படரும், புகைப்படம் ஒன்றோடொன்று ஒட்டும். ஆதலின் ஒரு பக்கம் தாழவும் எதிர்ப்பக்கம் உயரவும் காற்றுவழி விட்டு, எலி புகாதவாறு கம்பிவலை அடிக்க வேண்டும். மேலே படங்கு கட்டும்போது தகரத்தோடு ஒட்டக் கட்டாது, நடுவே வளை கொடுத்து இடைவெளி விடுவது நலம். வெப்பமும் தணியும், நீரும் தேங்காது.

ஏற்றும் முறையும் ஒன்றுண்டு. பாரமானவை அச்சின்மேல், சற்று முன்னே. மொத்தப் பாரத்திற் பத்தில் ஒரு பங்காவது இழுவைத் தண்டின்மேல் இருக்க வேண்டும். பின்னே பாரம் மிகின் தண்டு எழும்பும். ஓடும்போது பெட்டி வாலாட்டும். வளவிலே நிறுத்தியபின் அச்சின் கீழ் கல் அடுக்கிச் சில்லின் பாரத்தைத் தணித்தால் ரயர் வெடியாது நெடுநாள் கிடக்கும்.

நூல்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இடம்பெயர்வுகளிலே முதலிற் கைவிடப்பட்டவை அவையே. பாரம் மிகுந்தன, பசியாற்றாதன. ஆசிரியர் வீடுகள் நிறைந்த இப்பகுதியிலே, பெட்டகத்துக்குள் கிடந்த ஏடுகளும் பழம்பதிப்புகளும் எத்தனை அழிந்தன என்பதற்குக் கணக்கு எழுதுவாரில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததை உலகம் அறியும். வீட்டு நூலகங்கள் கறையானுக்கும் மழைக்கும் இரையானதை அவ்வவ் வீட்டார் மாத்திரமே அறிவர். ஆகவே நூலை வண்டிப் பெட்டியில் வைப்போர் சிறு சிறு மரப்பெட்டிகளாகப் பிரித்து, உலர்ந்த வேப்பிலை இட்டு, அச்சுக்கு நேர் மேலே வைத்து, மாரி முடிந்ததும் தை வெயிலிலே ஒருமுறை விரித்துக் காயவைத்தல் வேண்டும். உறுதியும் சான்றிதழும் அதனுள் வைக்கத் தக்கன அல்ல. அவை ஆளோடு இருக்க வேண்டியவை.

வண்டியிலே குடும்பம் நடத்துதல் தமிழுக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை காட்டும் உப்பு வாணிகரின் வண்டியிலே காடி நிறைந்த மிடா கயிற்றாற் கட்டுண்டு தொங்கும். பிள்ளையை வைத்துக்கொண்டே மனைவி எருதுகளைச் செலுத்துவாள். வழியில் அச்சு முறியுமோ என்று அஞ்சிய அவ்வுமணர், வேறோர் அச்சைக் கீழே கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாட்டிலே அதியமான் மகனுக்கு உவமையாக்கினார். சேம அச்சு என்ற சொல் எனக்கு மிக உவப்பானது. வலிகாமத்து வளவுகளிலே இன்று நிற்கும் இப்பெட்டிகளும் ஒருவகையிற் சேம அச்சுகளே. ஆனால் உமணர் பயணமே தொழிலாகக் கொண்டவர். இவர்களோ நின்று வாழ வந்தவர்கள்.

இங்குதான் இரு கட்சியார் பிரிகின்றனர். ‘வீடு முடிந்ததும் பெட்டியை விற்றுவிடு, முற்றத்தில் சில்லு நிற்கும்வரை மனம் ஊன்றாது’ என்பர் ஒருசாரார். ‘மூன்று முறை ஓடினேன், நாலாம் முறைக்கு என்னிடம் சில்லிருக்கட்டும்’ என்பர் மற்றையோர். முன்னவர் கூற்றிலே துணிவுண்டு. பின்னவர் கூற்றிலே கணக்குண்டு. 2015 ஜனவரியிலே புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2023 ஒக்டோபரிலே நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. இவற்றைக் கண்டபின் முன்னவர் பக்கம் என் மனம் சாய்கிறது. ஆயினும் தன் காணியின் எல்லைக் கல்லுக்கு அப்பால் இன்னும் முட்கம்பி நிற்பதைப் பார்த்திருப்பவரிடம் ‘விற்றுவிடு’ என்று சொல்ல நான் துணியேன்.

விற்பதாயினும் வைப்பதாயினும், மாதம் ஒருமுறை சில்லைச் சுற்றிவிட்டுக் கிறீஸ் இடுதல் வேண்டும். பெட்டியின் இழுவைத் தண்டை எத்திசை நோக்கி நிறுத்துவது என்பதையும் வாங்கிய அன்றே தீர்மானித்துக்கொள்வது நல்லது. வீட்டுச் சுவர் எழும்பியபின் அதனைத் திருப்ப வளவில் இடமிராது. நான் கண்டவற்றுள் பெரும்பாலானவை படலையை நோக்கியே நிற்கின்றன.