தூதர் அல்லர், மைந்தர்
எபிரெயர் நிருபத்தின் முதல் இரண்டு அதிகாரங்களைக் குறித்து ஒரு விளக்கம்

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆக்கியோன் வாழ்த்துரை ஏதுமின்றி நேரே பொருளுக்கு வருகிறார்; வந்ததும் ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறார். இயேசு தேவதூதரினும் மேலானவர் என்பதே அவ்வழக்கு. இதனை நிலைநாட்டப் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு மேற்கோள்களை அடுக்குகிறார். முதல் அதிகாரத்தின் பெரும்பகுதி இதிலேயே சென்றுவிடுகிறது. நம் சபைகளில் இப்பகுதி பிரசங்கிக்கப்படுவது அரிது. கிறிஸ்து தூதரினும் மேலானவர் என்பதை மறுப்பார் யார், மறுப்பாரில்லாத ஒன்றை நிறுவ இத்துணை முயற்சி எதற்கு என்று கருதிப் பதினோராம் அதிகாரத்து விசுவாச வீரரிடம் விரைந்து செல்வோர் பலர். ஆயின், கொங்கு நாட்டுச் சபைகளைப் பொறுத்தவரை இவ்வழக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை என்பதே நம் கருத்து.

கோயம்புத்தூருக்கு வடக்கே, சத்தியமங்கலம் சாலையில் உள்ள சரவணம்பட்டியை எண்ணிப்பார்ப்போம். தனிப் பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2011இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இன்று கணினி நிறுவனங்களும் கல்லூரிகளும் அடுக்குமாடி வீடுகளும் இங்கு நெருங்கி நிற்கின்றன. பிழைப்பை நாடித் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தோர் பலர். இத்தகைய இடங்களில் கிறிஸ்தவக் குடும்பமொன்று புதுவீடு புகுந்து பிரதிஷ்டை செய்யும்போது, பெரும்பாலும் வாசிக்கப்படுவது 91ஆம் சங்கீதம். வழிகளிலெல்லாம் காக்கும்படி தூதருக்குக் கட்டளை பிறந்திருக்கிறது என்னும் அதன் வாக்குத்தத்தம் நிலைக்கதவின்மேல் எழுதப்படுவதும் உண்டு. அது நல்ல சங்கீதமே. எனினும், நற்செய்தி நூல்களில் அவ்வசனத்தை எடுத்துரைப்பவன் சோதனைக்காரன் என்பதையும், தேவாலயத்து உப்பரிகையில் நின்ற இயேசு அதனைத் தமக்குக் காவலாகக் கொள்ள மறுத்துவிட்டார் என்பதையும் பிரதிஷ்டைக்கு வந்தோர் நினைவுகூர்வதில்லை.

காவல் என்னும் சொல்லுக்குக் கொங்கு மண்ணில் ஆழ்ந்த வேர் உண்டு. ஊரெல்லையில் கருப்பராயன், ஏரிக்கரையில் கன்னிமார், காட்டோரத்தில் முனியப்பன், வீரப்பூரை நோக்கிச் செல்வோர்க்கு அண்ணன்மார் எனக் காக்கும் தெய்வங்கள் மக்களின் அன்றாட வாழ்வோடு இணைந்தவை. இவற்றைக் கிறிஸ்தவர் இகழ்ந்து பேசுவது முறையன்று. இருட்டில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்பவனின் அச்சமும், அவ்வச்சத்தில் அவன் பற்றிக்கொண்ட நம்பிக்கையும் மெய்யானவை. ஒரு காவலை விட்டு வந்த மனம் மற்றொரு காவலைத் தேடுவதும் இயல்பே. ஆகவே நாம் கேட்கவேண்டிய வினா இதுவே: கருப்பராயன் நின்ற இடத்தில், அவரினும் வல்லமை மிக்க காவலராக இயேசுவை நிறுத்துவதுதானா கிறிஸ்தவ விசுவாசம்? நிருபத்தின் ஆக்கியோனும் தம் காலத்தில் இதையொத்த வினாவையே எதிர்கொண்டார்.

முதற்கண் சொல்லை ஆராய்வோம். எபிரெய மொழியில் ‘மலாக்’, கிரேக்கத்தில் ‘அங்கெலொஸ்’ ஆகிய இரண்டும் செய்தி கொண்டு செல்பவனையே குறிக்கும். அவன் வானத்திலிருந்து வந்தவனா, பக்கத்து ஊரிலிருந்து வந்தவனா என்பதைச் சொல் கூறாது. ஆகாய் தீர்க்கதரிசியும் யோவான் ஸ்நானகனும் அதே சொல்லாற் குறிக்கப்படுகின்றனர். ராகாப் ஒளித்துவைத்த ஒற்றரை யாக்கோபின் நிருபம் அச்சொல்லாலேயே சுட்டுகிறது. தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் வழங்கிய ‘சம்மனசு’ என்னும் அழகிய சொல்லில் செய்தியாளன் என்னும் பொருள் மறைந்துபோயிற்று. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் ‘வானதூதர்’ அப்பொருளை மீட்டுத் தந்தது. புராட்டஸ்தாந்தர் வழங்கும் ‘தேவதூதர்’ பொருளைக் காத்ததேனும், முன்னொட்டாகிய ‘தேவ’ தமிழர் செவியில் தேவர், தேவதை ஆகிய சொற்களின் ஒலியையும் எழுப்புகிறது. தூதர் பாதித் தெய்வம் என்னும் எண்ணம் சபையாரிடையே நிலவுவதற்கு இவ்வொலியும் ஒரு காரணமாகலாம்.

தூது தமிழருக்குப் புதியதன்று. திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. தானே வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் எனத் தூதரை உரையாசிரியர் பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். அதியமான் நெடுமானஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரைத் தமிழுலகம் மறக்கவில்லை. தூதர் எத்துணைச் சொல்வன்மை உடையவராயினும் அவர் வாயில் இருப்பது பிறருடைய சொல். அவர் வந்து நின்றதனால் மன்னனே வந்துவிட்டான் என்று எவரும் கொள்வதில்லை. மைந்தன் வருவது வேறு. அவன் செய்தியைச் சுமந்து வருபவன் அல்லன். அரச குலமே அவனுள் வந்து நிற்கிறது. எபிரெயர் நிருபத்தின் முதல் நான்கு வசனங்கள் இவ்வேறுபாட்டின்மீதே நிற்கின்றன. முன்பு பலவகையாகப் பேசிய கடவுள் இறுதியில் தம் மைந்தரிலே பேசினார் என்கையில், முந்தினதினும் தெளிவான மற்றொரு செய்தி வந்தது என்று பொருளாகாது; பேசியவரே வந்துவிட்டார் என்பதே பொருள். ஏசாயா 63:9இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இக்கருத்துக்கு நெருங்கி வருகிறது. தம் மக்களை மீட்டது தூதுவனும் அல்லன், வானதூதனும் அல்லன், ஆண்டவர் தாமே என்பது அதன் கருத்து. நம் கையிலுள்ள தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் எபிரெய மூலத்தின் வேறு பாடத்தைத் தழுவுவதால், இது தமிழ் வாசகர் கண்ணிற் படுவதில்லை.

ஏழு மேற்கோள்களையும் இங்கு விரித்துரைக்க இடமில்லை. நான்காவது மட்டும் தனிக் கவனம் பெறத்தக்கது. அது 104ஆம் சங்கீதத்திலிருந்து எடுக்கப்பட்டது. அங்கு காற்றும் தீச்சுடரும் கடவுளின் ஏவலாளராகக் காட்டப்படுகின்றன. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல். தமிழிலோ இரண்டும் தனிச் சொற்கள். ஆயினும் பேச்சுவழக்கு அவற்றை வேறொரு வகையில் இணைத்துவிட்டது. குழந்தை காரணமின்றி அழுது காய்ச்சலில் விழுந்தால் ‘காத்துக் கருப்பு’ அண்டிவிட்டது என்று அஞ்சுகிறோமன்றோ! தாயத்தும் மந்திரிப்பும் இங்கிருந்தே தொடங்குகின்றன. வேதாகமத்தை நன்கு அறிந்த வீடுகளிலும் இவ்வச்சம் முற்றிலும் நீங்கியதாகத் தெரியவில்லை. தாயத்துக்குப் பதிலாக எண்ணெய்க் குப்பி வந்திருக்கிறது, அவ்வளவே. இச்சூழலில் நிருபம் கூறுவது எளிது. கண்ணுக்குப் புலனாகாத ஆற்றல்கள் உண்டு. ஆனால் கடவுளின் தூதராகிய ஆவிகள் ஏவலுக்கு ஓடுபவர். தாமாக ஆள்பவர் அல்லர். மாறுபவர், உருவாக்கப்பட்டவர். மைந்தரோ அரியணையில் அமர்ந்திருக்கிறார். அமர்தலும் ஓடுதலும் என்னும் இவ்வேறுபாட்டை முதல் அதிகாரத்தின் இறுதி இரு வசனங்கள் அருகருகே வைத்துக் காட்டுகின்றன.

தூதரைக் குறித்து அக்காலத்தார் இவ்வளவு உயர்வாக எண்ணியது ஏன்? நியாயப்பிரமாணம் தூதர் வாயிலாக அருளப்பட்டது என்பது யூதர் நடுவே வேரூன்றிய நம்பிக்கை. ஸ்தேவானின் உரையும் கலாத்தியர் நிருபமும் அதற்குச் சான்று. எபிரெயர் 2:2உம் அதனை ஒப்புக்கொண்டே மேற்செல்கிறது. 1956இல் கும்ரானின் பதினோராம் குகையில் கண்டெடுக்கப்பட்ட ஏடுகளுள் ஒன்று மெல்கிசேதேக்கை வானுலகத் தீர்ப்பாளராகக் காட்டுகிறது. இது 1965இல் வெளியிடப்பட்டபின், நிருபத்தின் வாசகர் இத்தகைய எண்ணங்களை அறிந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதலாயினர். கொலோசெயர் 2:18 தூதர் வழிபாட்டைக் கண்டிக்கிறது. பிரிகியாவிலும் பிசிதியாவிலும் மிகாவேலுக்கு ஜெபக்கூடங்கள் இருந்ததை ஐந்தாம் நூற்றாண்டின் தியோதொரேத்து குறிப்பிடுகிறார். ஆகவே, எவரும் மறுக்காத ஒன்றை ஆக்கியோன் நிறுவினார் என்பது சரியன்று.

கோயம்புத்தூர்ப் பெரிய கடை வீதியிலுள்ள கத்தோலிக்கப் பேராலயமும் அதிதூதர் மிக்கேலின் பெயரையே தாங்கி நிற்கிறது. தூதருக்குச் செலுத்தும் வணக்கம் கடவுளுக்குரிய ஆராதனை அன்று என்று கத்தோலிக்கத் திருச்சபை தெளிவாகவே போதிக்கிறது. இவ்வேறுபாட்டைப் புராட்டஸ்தாந்தர் ஏற்பதில்லை எனினும், அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ‘கடவுளைப் போன்றவர் யார்?’ என்னும் கேள்வியே அவ்வதிதூதரின் பெயராக அமைந்திருப்பது மறக்கற்பாலதன்று. இதற்கு மாறாக, வீடு வீடாகச் சென்று போதிக்கும் யெகோவாவின் சாட்சிகள், இயேசுவே அந்த மிகாவேல் என்கின்றனர். இக்கொள்கைக்கு விடையாக நாம் நீண்ட வாதம் தேடவேண்டியதில்லை. தூதருள் எவருக்கேனும் கடவுள் இவ்வாறு சொன்னதுண்டா என்று முதல் அதிகாரம் இருமுறை வினவுகிறது. அதிதூதருக்கு அவ்வினா விலக்களிக்கவில்லை.

இதுவரை கூறியதோடு நின்றிருந்தால், இயேசு வானுலகப் பதவி வரிசையில் மிக உயர்ந்த படியில் நிற்பவர் என்பதற்கு மேல் நாம் ஒன்றும் அறிந்திருக்கமாட்டோம். இரண்டாம் அதிகாரம் அவ்வரிசையையே கலைத்துவிடுகிறது. ஆக்கியோன் 8ஆம் சங்கீதத்தை எடுக்கிறார். எபிரெய மூலத்தில் மனிதன் ‘ஏலோகீமினும்’ சற்றுக் குறைந்தவன். அச்சொல் பெரும்பாலும் கடவுளைக் குறிக்கும். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதைத் தூதர் என்று கொண்டனர். ஆக்கியோன் அதனையே பின்பற்றி, அந்த மனிதர் இயேசுவே என்கிறார். தூதரினும் மேலானவர் என்று ஓர் அதிகாரம் முழுவதும் நிறுவியவர், உடனே அவர் தூதரினும் தாழ்ந்தார் என்கிறார்! இங்குள்ள கிரேக்கத் தொடர் அளவையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். நம் தமிழ்ச் சொல்லாகிய ‘சற்று’ இவ்விரண்டையும் தாங்கவல்லது. சற்றுக் குட்டை என்றால் அளவு. சற்றுப் பொறு என்றால் காலம். சற்றுக் காலம் அவர் தூதரினும் சற்றுத் தாழ்ந்தார். எதற்காக? சாவைச் சுவைப்பதற்காக. தூதரால் இயலாத செயல் இஃதொன்றே. அவர்கள் சாவதில்லை.

காவல் பற்றிய நம் வினா இங்குதான் கூர்மை பெறுகிறது. இயேசு வெறும் பெருங்காவலர் எனில், காவல் தவறும் நாளில் விசுவாசமும் சாகும். சத்தியமங்கலம் சாலையில் இரவுப்பணி முடித்து இருசக்கர வண்டியில் திரும்பிய இளைஞன் லாரியில் அடிபட்டு இறந்தான் என்று கொள்வோம். 91ஆம் சங்கீதம் எழுதிய நிலைக்கதவின் வழியே அவன் உடல் வெளியே வருகிறது. அப்போது உறவினர் சிலர், ஜெபம் குறைந்தது, வீட்டில் ஏதோ பாவம் இருந்தது என்பர். அக்கம்பக்கத்தார் சிலர் பழைய தெய்வத்தை விட்டதன் பலன் என்பர். உற்று நோக்கின் இருவர் கூற்றும் ஒன்றே. காவலருக்குரியதைச் செலுத்தவில்லை, ஆகவே காவல் விலகிற்று என்பதே அக்கூற்று. நிருபம் இக்கணக்கை ஏற்பதில்லை. மரணபயத்தால் வாழ்நாளெல்லாம் அடிமைப்பட்டிருந்தோரை விடுவிக்க, மைந்தர் அவர்களைப் போல் இரத்தமும் சதையும் உடையவரானார் என்கிறது. சாவுக்கு வெளியே நின்று கதவைக் காப்பவராக அவர் காட்டப்படவில்லை. சாவினுள் புகுந்தவராகவே காட்டப்படுகிறார். 2:9இல் ‘கடவுளின் கிருபையினால்’ என்பதற்குப் பதிலாகக் ‘கடவுளை விட்டு அகன்று’ அவர் சாவைச் சுவைத்தார் என்னும் பாடத்தை மூன்றாம் நூற்றாண்டின் ஒரிகேன் அறிந்திருந்தார். மிகுதியான கையெழுத்துப் பிரதிகள் அதனை ஆதரிக்கவில்லை. ஆயினும், சிலுவையில் எழுந்த கூக்குரலைக் கேட்ட ஒருவரே அவ்வாறு எழுதியிருக்க இயலும் எனத் தோன்றுகிறது.

2:16இல் நம் பழைய மொழிபெயர்ப்பாளரைப் பாராட்டாதிருக்க இயலாது. மைந்தர் தூதருக்கு அன்று, ஆபிரகாமின் சந்ததிக்கே செய்த செயலை 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு, இயல்பை ஏற்றுக்கொள்ளுதல் என்று விளக்கிற்று. தமிழில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்போ ‘கைகொடுத்தல்’ என்னும் சொல்லை ஆண்டது. கிரேக்க வினைச்சொல் பற்றிப் பிடித்தலையே குறிக்கும். அலைகளில் அமிழ்ந்த பேதுருவை இயேசு பிடித்ததாக மத்தேயு கூறுமிடத்திலும் இவ்வினையே வருகிறது. கிணற்றில் தவறி விழுந்தவனுக்குக் கைகொடுக்கக் கரையில் நின்று கட்டளையிட்டால் போதாது, குனியவேண்டும். தூதரினும் மேலானவர் என்பதன் பொருளை இந்த ஒரு சொல்லைக் கொண்டே கிராமச் சபையொன்றில் முழுமையாகப் போதிக்கலாம்.

இதனால் தூதர் இல்லை என்றோ, வேண்டாதவர் என்றோ ஆகாது. மீட்பைப் பெறவிருப்போர்க்குப் பணிபுரிய அனுப்பப்படுவோர் என்று 1:14 அவர்களுக்கு மதிப்பான இடமளிக்கிறது. 12:22இல் அவர்கள் ஆயிரமாயிரமாய்த் திருவிழாக் கூட்டத்தில் நிற்கின்றனர். தூதர் தமக்குத் தோன்றிப் புதுச்செய்தி தந்ததாகக் கூறி மக்களைத் திரட்டுவோரை மட்டும் நாம் எச்சரிக்கையுடன் அணுகவேண்டும். மைந்தரிலே பேசி முடித்தவர் அதற்கு மேற்பட்ட ஒன்றைத் தூதரிடம் தனியே ஒப்படைத்திருக்கமாட்டார்.

நிருபம் தூதரை இறுதியாகக் குறிப்பிடும் இடம் வானமும் அன்று, அரியணையும் அன்று, வீட்டு வாசல். அந்நியரை உபசரித்தோருள் சிலர் தாம் அறியாமலே தூதரை உபசரித்தனர் என்கிறது 13:2. மம்ரேயில் வெயில் நேரத்தில் மூவரை எதிர்கொண்ட ஆபிரகாமின் கதை இங்கு நினைவூட்டப்படுகிறது. வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் அவருடைய ஊரையும், சற்றுத் தயங்கிய பின் அவருடைய சாதியையும் வினவும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் உண்டு. கிறிஸ்தவர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. ஆபிரகாம் அம்மூவரிடம் முதலில் கேட்டது, கால் கழுவத் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்பதே.