பாரத மாதாவும் பாக்தாத் நகரமும்

அவனீந்திரநாத தாகூர் என்றதும் நம்மவருக்கு நினைவு வருவது ஒரே சித்திரம். வங்கப் பிரிவினையால் தேசம் கொந்தளித்த 1905-ஆம் ஆண்டில் அவர் தீட்டிய பாரத மாதா. காவியுடுத்து, நான்கு கரங்களில் ஏடும், நெற்கதிரும், வெண்துகிலும், ஜபமாலையும் ஏந்தி நிற்கும் அந்த அன்னையைத் தேசபக்தர் பலரும் அறிவர். அதே கை 1930-ஆம் ஆண்டில் தீட்டியவற்றை அறிந்தவரோ மிகச் சிலரே.

அவ்வாண்டில் காந்தியடிகள் தண்டிக்கு நடந்து சென்று உப்பெடுத்தார். அதே ஆண்டில் அவனீந்திரநாதர் ஆயிரத்தொரு இரவுக் கதைகளை எடுத்துக்கொண்டு 45 சித்திரங்கள் வரைந்தார். ஜனங்கள் சிறை புகுந்த வேளையில் சிந்துபாதும் அலாவுதீனும் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விடை அச்சித்திரங்களிலேயே இருக்கிறது.

பெயர் பாக்தாத், உள்ளே தெரிவது கல்கத்தா. தாகூர் குடும்பத்தார் வாழ்ந்த ஜோராசங்கோ வட்டாரத்தின் மாடிகளும், கடைகளும், மனித முகங்களுமே கதைக்குள் புகுந்து குறும்பு செய்கின்றன. பல மதத்தினரும் பல தேசத்தினரும் தோளோடு தோள் உராய்ந்து பிழைக்கும் வியாபார நகரம் அது.

அவர் வரைந்தவற்றுள் கூனன் கதையும் ஒன்று. மீன்முள் தொண்டையில் சிக்கிக் கூனன் ஒருவன் மூர்ச்சையாகிறான். இறந்தான் என்றஞ்சிய தையற்காரன் அவனை யூத வைத்தியர் வீட்டில் விட்டு ஓடுகிறான். வைத்தியர் அவனை அரண்மனைச் சமையற்கட்டின் முஸ்லிம் அதிகாரியின் வீட்டில் இறக்குகிறார். அதிகாரி கடைத்தெருவில் சாய்த்து வைக்கிறார். கிறிஸ்தவத் தரகர் அங்கே பிடிபடுகிறார். தூக்குக் கயிறு தயாரானதும், "கொன்றவன் நானே" என்று ஒருவர்பின் ஒருவராக மற்ற மூவரும் முன்வருகின்றனர். தம் குற்றத்துக்காகப் பிறர் சாக எவருக்கும் மனமில்லை. கடைசியில் நாவிதன் முள்ளை எடுக்க, கூனன் தும்மி எழுந்து உட்காருகிறான்!

சிரிக்கத்தக்க கதைதான். ஆயினும் வெவ்வேறு மதத்தினர் ஒருவருக்காக ஒருவர் கழுத்தை நீட்டும் நகரத்தைவிடத் தேசியத்துக்கு வேறென்ன இலட்சியம் வேண்டும்? மேடைப் பிரசங்கம் நூறு செய்தும் நெஞ்சில் பதியாத உண்மையைப் பாட்டி கதை ஒன்று பதிய வைத்துவிடுகிறது.

1905-இல் அன்னையை வரைந்தவர், 1930-இல் அவளுடைய மக்களை வரைந்தார். அன்னையின் படத்தை மாட்டி மாலையிடும் மண்டபங்களில் இந்த மக்களின் படங்களுக்கும் இடமளிப்போமாக. மக்களை மறந்து தாய்க்குச் செய்யும் பூஜை அவளைச் சேராது.